சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

எங்களுக்கு ஆறுதல் சொல்ல வந்தவர்களைக் கண்டுதான் நாங்கள் அதிகம் பயந்தோம். அம்மா செத்துப்போன அந்த மார்கழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அதுதான். தெருமுனையில் ஒரு கூக்குரல் கேட்கும். அது நெருங்கி வரும். தலைமயிரை அவிழ்த்துப் போட்ட ஒரு பெண் வாசலில் நுழைந்து, என்னையும் தம்பியையும் ஒரே பிடியில் இழுத்து மார்போடு நசுக்கிக்கொண்டு, இந்தப் பிஞ்சுகளை அந்தரத்தில் விட்டுட்டுப் போனியே என்று ராகம் போட்டு அழ ஆரம்பிப்பாள். அவள் யாரென்றே பாதி நேரம் எங்களுக்குத் தெரியாது. மூச்சு முட்டும். அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திப்போட்டுவிட்டு, வெற்றிலை இருக்கிறதா என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்பாள். அவள் அழுகையில் பொய் இருந்ததாக நான் சொல்லவில்லை. அந்தரம் என்றால் என்ன, எங்களை எங்கே விட்டிருக்கிறார்கள் என்று நான் யோசித்து யோசித்துப் பார்ப்பேன்.

அது உலகச் சண்டைக் காலம். சீமெண்ணெய் கிடைக்காமல் ஊரே விளக்கெண்ணெய் விளக்குக்குத் திரும்பியிருந்தது. தருமபுரி அப்போது சேலம் ஜில்லாவில் ஒரு தாலுகா. எங்கள் ஊர், இண்டூருக்குப் போகிற சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. எங்களுக்குக் கொஞ்சம் மேட்டு நிலமும், மாடு பூட்டிக் கபிலையில் தண்ணீர் இறைக்கிற ஒரு கிணறும் உண்டு. எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு. நடுவில் பிறந்தவை தங்கவில்லை.

பொங்கல் நெருங்கினால் ஊர்ப் பெண்கள் சுவர் பூசுவதற்குச் செம்மண் எடுக்கப் போவார்கள். ஏரிக்கரைக்குப் பின்னால் அதற்கென்றே ஒரு மண்குழி இருந்தது. கல் கலக்காத நல்ல மண் உள்ளேதான் கிடைக்கும். வருஷா வருஷம் குனிந்து குனிந்து உள்ளே குடைந்ததில் மேல்மண் தாழ்வாரம் மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. எல்லோருக்கும் அது தெரியும். இந்த ஒரு கூடையோடு போதும் என்று எல்லோரும்தான் உள்ளே போனார்கள். அன்று காலை தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். எழுந்தால் கூடவே வருவேன் என்று அடம்பிடிப்பான் என்பதால் அம்மா ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

அம்மா மண் வெட்டிக் கொடுக்க, நான் என் அளவுக்கு ஒரு சின்னக் கூடையில் சுமந்துபோய் வீட்டு வாசலில் கொட்டிவிட்டு வந்துகொண்டிருந்தேன். திரும்பி வரும்போது, ஏரிக்கரை ஏறும்முன், சத்தம் கேட்டது. பெரிய சத்தமில்லை. ஒரு மூட்டைக் கேழ்வரகைத் தரையில் இறக்கி வைத்தால் கேட்குமே, அவ்வளவுதான். பிறகு செம்புழுதி எழுந்தது. அதற்குப் பிறகுதான் பெண்கள் கத்தினார்கள். வயலில் இருந்த ஆண்கள் மண்வெட்டியோடு ஓடிவந்தார்கள். யாரோ என்னைப் பிடித்துப் புளியமரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி நிறுத்தினார்கள். அந்த மரப்பட்டையைப் பார்த்துக்கொண்டு, பின்னால் மண் வாரும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கூடையைக் கையில் பிடித்தபடியே நின்றேன். இன்றைக்கும் யாராவது என் முதுகுக்குப் பின்னால் மண் வெட்டினால் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

அன்று சாயங்காலமே அடக்கம் செய்துவிட்டார்கள். தம்பியை எடுத்த எடுப்பிலேயே நாலு வீடு தள்ளி ஒரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவன் தூங்கி எழுந்தபோது அம்மா இல்லை. பிறகு வீடு திரும்பியபோதும் அம்மா இல்லை. நடுவில் நடந்தது எதையும் அவன் பார்க்கவில்லை. அம்மா எங்கே என்று கேட்டதற்கு ஒருத்தி ஊருக்குப் போயிருக்கிறாள் என்றாள். இன்னொருத்தி சாமியிடம் போயிருக்கிறாள் என்றாள். சாமி எந்த ஊர் என்று கேட்டான். எல்லோரும் மறுபடியும் அழுதார்கள்.

எங்களைப் பார்த்துக்கொள்ள பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், ஒரே அக்கா. வந்து இறங்கியதும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டாள். எங்களுக்குச் சோறு போட்டவளும், எனக்குத் தலை வாரிவிட்டவளும் அவள்தான். அவளுடைய இரண்டு பிள்ளைகள் வாந்திபேதியில் ஒரே வாரத்தில் போனவர்கள். சாவு ஒரு வீட்டுக்கு வழி கண்டுகொண்டால் மறுபடியும் வரும் என்பதை அவள் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அதனால் எல்லாவற்றிலும் முறை பார்த்தாள். அங்கே உட்காராதே, இதைத் தொடாதே, வடக்கே பார்க்காதே என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அந்த முறைகளில் ஒன்றுதான் எங்களைக் கொன்றது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொண்டு போகக்கூடாது. மற்ற நாளில் எங்கள் பக்கத்தில் யாரும் போகிறேன் என்று சொல்ல மாட்டார்கள். பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் போயிட்டு வரன் என்றுதான் சொல்வார்கள். சாவு வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் மறுபடியும் இதே மாதிரி ஒரு காரியத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். ஆகவே எழுந்து, யார் முகத்தையும் பார்க்காமல், நடையைக் கட்டிவிட வேண்டும். பெரியவர்களுக்கு அது பழக்கம். நாங்கள் இரண்டு பேரும் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்போம். சற்றுமுன் எங்களைக் கட்டிப்பிடித்து அழுதவளைக் காணோம். சோறு ஊட்டிய சித்தி தண்ணீர் கொண்டுவரப் போகிற மாதிரி எழுந்தாள், வரவேயில்லை. தோளில் தூக்கி வைத்திருந்த மாமன் கீழே இறக்கிவிட்டான், வாசல் பக்கம் திரும்பினான், அவ்வளவுதான். ஒவ்வொருவராக எந்தச் சொல்லும் இல்லாமல் காணாமல் போனார்கள். தம்பி ஒவ்வொரு தடவையும் வாசல் வரை ஓடிப்போய்த் தெருவை எட்டிப்பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் பாவாடையைப் பிடித்துக்கொள்வான்.

அவன் தூங்குவதை நிறுத்திவிட்டான். கண் செருகும். உடனே திடுக்கிட்டு விழித்து, யார் யார் இருக்கிறார்கள் என்று சுற்றிப் பார்ப்பான். அத்தை மடியில் போட்டுத் தட்டினாலும் தூங்க மாட்டான். பேச்சும் குறைந்துபோயிற்று. அழவும் இல்லை. தாயை நினைத்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை பார், கல்நெஞ்சன் என்று வந்தவர்களில் ஒருத்தி சொன்னாள். நாலு வயதுப் பையனைப் பற்றி அப்படிச் சொன்ன அந்த வாயை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் காலத்து அப்பாக்கள் பிள்ளைகளோடு பேசுவது குறைவு. எங்கள் அப்பா மாட்டோடு பேசுகிற அளவுக்குக்கூட எங்களோடு பேசமாட்டார். அம்மா போன பிறகு அவர் மாட்டுக்கொட்டகையிலேயே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வந்து கையை நனைத்துவிட்டுப் போவார். அவர் வாசலைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு தடவையும் திரும்பி வருகிறாரா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வீட்டுக்காரருக்கும் அந்த முறைதானோ என்னவோ.

புதைத்த இடத்தில் பால் தெளித்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அத்தை அடுப்புச் சாம்பலை எடுத்து, அம்மாவின் மாவுச் சல்லடையில் சலித்தாள். அம்மா படுத்துத் தூங்குகிற உள்ளறையில், கதவிலிருந்து எதிர்ச் சுவர் வரை அந்தச் சாம்பலைப் பாய் விரித்த மாதிரிப் பரப்பினாள். கோடியில் வாழையிலை போட்டு, அம்மாவுக்குப் பிடித்த களியும் கீரையும் கச்சாயமும் வைத்தாள். பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீரும் அகல்விளக்கும் இருந்தன. செத்தவர்கள் கடைசியாக ஒரு தடவை வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள் என்பதும், அவர்கள் எந்த உருவத்தில் போகிறார்கள் என்று மறுநாள் காலையில் சாம்பலில் தெரியும் என்பதும் எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரு கிழவர் செத்தபோது கோழிக்கால் தெரிந்ததாம், இன்னொரு வீட்டில் கன்றுக்குட்டியின் குளம்பாம். கதவைச் சாத்தலாம், தாழ் போடக்கூடாது. வருகிறவளுக்கு வழி வேண்டும்.

அத்தை எங்கள் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து மெதுவாகச் சொன்னாள்.

"இன்னைக்கி ராத்திரி உங்கம்மா வூட்டுக்கு வருவா கண்ணு. சத்தம் போடாம படுத்துக்கோணும். யாரும் எட்டிப் பாக்கக் கூடாது."

என் மனதில் வந்த அம்மா, மண்ணை உதிர்த்துக்கொண்டு, தலையெல்லாம் சிவப்பாக, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். நான் என் அம்மாவைப் பார்த்துப் பயப்படுகிறேன் என்பது எனக்கே தாங்க முடியாத துக்கமாக இருந்தது. பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அம்மா வராமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். தம்பியோ அன்று வயிறு நிறையச் சாப்பிட்டான். முகம் கழுவிவிடு என்று தானாக வந்து கேட்டான். பையன் தேறிவிட்டான் என்று அத்தைக்குச் சந்தோஷம். நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டு அத்தையின் முதுகோடு ஒட்டிப் படுத்தேன். எப்படியோ தூங்கியும் போனேன்.

விடிந்ததும் அத்தைதான் கதவைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடினார்கள். நானும் அவர்கள் இடுப்புக்கு நடுவில் தலையை நுழைத்துப் பார்த்தேன். சாம்பலில் மனிதக் காலடி இருந்தது. சின்னக் காலடி. குதிகால் கதவுப் பக்கம், விரல்கள் விளக்குப் பக்கம். கதவிலிருந்து உள்ளே போயிருந்தது. திரும்பி வந்த அடையாளம் இல்லை.

குழந்தைக் கால், இந்த வீட்டிலேயே குழந்தையாக வந்து பிறப்பாள் என்று முதலில் ஒருத்தி சொன்னாள். எல்லோருக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. அப்போது, அம்மாவைக் குளிப்பாட்டி மஞ்சள் பூசிய பெண் குனிந்து உற்றுப் பார்த்தாள். வலது காலின் சுண்டுவிரலைக் காட்டினாள். அது பக்கத்து விரலின்மேல் ஏறிக்கிடந்தது. அம்மாவின் வலது கால் அப்படித்தான் இருக்கும். கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டும்போது அவள் அதைப் பார்த்திருக்கிறாள். அளவு பிள்ளையின் கால், விரல் அம்மாவின் விரல். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அங்கே யாரும் அழக்கூட இல்லை.

அத்தை எழுந்தாள். காலம் முடியாமல் போனவள், நினைப்பெல்லாம் பையன்மேல் இருக்கிறது, அவன் காலை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறாள், அடுத்து அவனையே எடுத்துக்கொண்டு போவாள் என்றாள். அவள் பயமுறுத்தச் சொல்லவில்லை. அவளுக்குத்தான் அங்கே இருந்த எல்லோரையும்விடப் பயம். பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தண்டை, சித்தேரி மலையடிவாரத்தில், ஆவிகளுக்குக் கட்டுப்போடுகிற பூசாரி ஒருவர் இருந்தார். பையனை இன்றைக்கே அங்கே கொண்டுபோய்விட வேண்டும், வருஷம் திரும்பும்வரை அவன் இந்த வீட்டு நிலைப்படியை மிதிக்கக்கூடாது என்று முடிவாகிவிட்டது. வண்டி பூட்டச் சொல்லி ஆள் போயிற்று. தம்பியின் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டி வேப்பிலை செருகினார்கள்.

எங்கே போகிறோம் என்று தம்பி கேட்டான். திருவிழாவுக்கு என்று ஒருத்தி சொன்னாள்.

அந்தக் காலைநேரத்தில் எனக்கு இருந்த பயத்தைப் போல அதற்குப் பிறகு என் வாழ்க்கையில் நான் பட்டதில்லை. அவன் இங்கே இருந்தால் அம்மா கொண்டுபோய்விடுவாள். போனால் அத்தை கொண்டுபோய்விடுவாள். எப்படிப் பார்த்தாலும் அவன் போய்விடுவான், யாரும் சொல்லிக்கொள்ளாமல் போகிற இந்த வீட்டிலிருந்து அவனும் அப்படியே போய்விடுவான். என்னைக் கூட வா என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனை வண்டியில் தூக்கி உட்காரவைத்தபோது நான் அவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன். விடு விடு என்று பிரித்துப் பார்த்தார்கள். விரலைக் கடித்தாலும் விடுவதில்லை என்று பிடித்திருந்தேன். அவன் சத்தமே போடாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

அப்போதுதான் அப்பா மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியைப் பார்த்தார், பையனைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அத்தை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவர் உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே, பையனைக் கொண்டுவா என்று கூப்பிட்டார்.

அத்தை தயங்கினாள். நான் தயங்கவில்லை. வண்டியிலிருந்து அவனை இறக்கி, இழுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பா சாம்பலுக்கு முன்னால் குந்தியிருந்தார். தம்பியைப் பிடித்துத் தன் தொடைமேல் உட்காரவைத்து, அவன் வலது காலைத் தூக்கித் திருப்பினார். விரல் இடுக்குகளில் சாம்பல் ஒட்டியிருந்தது. அவன் சுண்டுவிரல் பக்கத்து விரலின்மேல் ஏறிக்கிடந்தது. அந்தக் காலைக் கொண்டுபோய் மெதுவாகச் சாம்பலில் இருந்த தடத்தின்மேல் வைத்தார். எள்ளளவும் மிச்சமில்லாமல் பொருந்தியது.

"இது இவங்காலு. பொறந்த அன்னைக்கே எங்கிட்ட காட்டினா, பாரு என் வெரலு இவனுக்கு வந்திருக்குதுன்னு."

அந்த வீட்டில் அத்தனை பேர் வந்துபோனார்கள். பையனைக் கட்டிக்கொண்டு அழாதவர்கள் இல்லை. ஒருவரும் அவன் காலைப் பார்த்திருக்கவில்லை. தினமும் அவனோடு படுத்தெழுந்த எனக்கும் அது தெரியாது. அவன் காலைக் கழுவிவிடுகிறவள் அம்மா ஒருத்திதான்.

எதற்கு உள்ளே போனாய் என்று அப்பா கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்தக் குரலை நான் அதற்குமுன் மாட்டுக்கொட்டகையில் மட்டுமே கேட்டிருக்கிறேன்.

"அம்மா வரும்னு அத்தை சொன்னாங்க," என்றான் தம்பி. "நா தூங்கிட்டா மறுக்காவும் சொல்லாம போயிடும்."

அந்த அறையின் சுவரோரம், தானியம் கொட்டி வைக்கிற தொம்பை ஒன்று கதவுவரை நீண்ட மண்மேடையில் நின்றது. சாம்பலில் நடந்து உள்ளே போனவன், அந்த மேடைமேல் ஏறி உட்கார்ந்து, விளக்கைப் பார்த்துக்கொண்டு அம்மாவுக்காகக் காத்திருக்கிறான். கோழி கூவியதும், மேடைமேலேயே நடந்து கதவருகில் இறங்கி வந்து என் பக்கத்தில் படுத்துக்கொண்டிருக்கிறான். திரும்பி வந்த தடம் இல்லாததற்குக் காரணம் அவ்வளவுதான். அத்தை சொன்ன அதே சொல்லைக் கேட்டு நான் போர்வைக்குள் நடுங்கினேன், அவன் முகம் கழுவிக்கொண்டு காத்திருந்தான்.

அப்பா அவனைத் தன் பக்கம் திருப்பி உட்காரவைத்தார்.

"அம்மா வராது சாமி. ஏரிக்குப் பின்னால மண்ணு சரிஞ்சி மேல உழுந்துடிச்சி. செத்துப்போச்சி. நாந்தான் கொண்டுபோயி வெச்சி எங்கையால மண்ணு தள்ளன். ஊருக்கெல்லாம் போவல. இனிமே வராது."

பின்னால் நின்ற பெண்கள் வாயில் சேலையை அடைத்துக்கொண்டார்கள். பச்சைப் பிள்ளையிடம் இப்படியா சொல்வார்கள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது, ஏனென்றால் செத்துப்போச்சி என்ற சொல்லை அதுவரை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நானே எனக்குள் சொல்லிக்கொள்ளவில்லை. காதில் விழுந்ததும் அப்படியே சாம்பலில் உட்கார்ந்துவிட்டேன். தம்பி அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தான். சொல்லாம போயிடிச்சி என்றான். ஆமாம், நீ தூங்கினாய், எழுப்ப மனசில்லாமல் போய்விட்டது, திரும்பி வரத்தான் போனது என்றார் அப்பா. அதற்குப் பிறகு தம்பி அழுதான். கல்நெஞ்சன் என்று பேர் வாங்கியவன் அழுத அழுகையில் தெருவில் பூட்டி நின்ற மாடுகள் மிரண்டன. அத்தை ஒரு சொம்பு தண்ணீரோடு வந்து, அவன் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அந்தச் சுண்டுவிரலைத் தடவித் தடவிக் கழுவினாள். அவள் கண்ணிலிருந்தும் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டிக்காரரிடம் மாட்டை அவிழ்த்துவிடச் சொல்லிவிட்டார்கள்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆகவில்லை. தம்பி அழுதானே தவிரத் தூங்கவில்லை. முன்பு எல்லோரையும் கண்காணித்தவன் இப்போது அப்பாவை மட்டும் கண்காணித்தான். அவர் எழுந்தால் எழுந்தான், உட்கார்ந்தால் உட்கார்ந்தான். கிணற்றடியில் மிளகாய்ச் செடி காய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் இறைக்க அப்பா போய்த்தான் ஆக வேண்டும். பையன் விளையாடும்போது பின்பக்கமாகப் போய்விடு, தெரிந்தால் ரகளை பண்ணுவான் என்று அத்தை சொல்லிக்கொடுத்தாள். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அம்மாவும் அந்த நல்லெண்ணத்தில்தான் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

காலையில் அப்பா மாடுகளை அவிழ்த்துக்கொண்டு, கபிலைக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு, நேரே முன்வாசலுக்கு வந்தார். தம்பியும் நானும் உட்கார்ந்திருந்த இடத்தில் நின்றார். அவன் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார்.

"போயிட்டு வரன்."

உள்ளேயிருந்து அத்தை பதறிக்கொண்டு ஓடிவந்தாள். சாவு வீட்டில், காரியம்கூட முடியவில்லை, அந்தச் சொல்லைச் சொல்லலாமா, இன்னொரு சாவைக் கையைப் பிடித்து அழைக்கிறாயே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா என் பக்கம் திரும்பி எனக்கும் ஒருமுறை சொன்னார். போயிட்டு வரன். பிறகு மாடுகளை ஓட்டிக்கொண்டு நடந்தார்.

தம்பி தெருமுனைவரை போய் அவர் மறைகிறவரை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்துகொண்டான். பயந்தது நான்தான். அத்தை சொன்னது எனக்குள் இறங்கிவிட்டது. சாம்பல் விஷயத்தில் அவள் தப்பாகப் போனாள் என்பதால் எல்லாவற்றிலும் தப்பாகவா போவாள்? கபிலை மாடு பின்னோக்கி நடந்து வரும்போது கிணற்று விளிம்பு வரை வரும். வடக்கயிறு அறுந்து ஆள் விழுந்த கதைகள் எனக்குத் தெரியும். எங்கள் கிணற்றுக் கரையும் மண்கரைதான். மத்தியானம் கூழ் இறங்கவில்லை. ஆடுகள் திரும்பின. மற்ற வீட்டு ஏர்மாடுகள் திரும்பின. அப்பாவைக் காணவில்லை. எங்கேயோ யாரோ எதையோ கீழே போட்டார்கள், தொம்மென்று ஒரு சத்தம். நான் எழுந்து, அன்று மரப்பட்டையைப் பார்த்து நின்ற மாதிரியே, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சுவரை அம்மா பாதிதான் பூசியிருந்தாள். அதற்குமேல் பழைய சுண்ணாம்பு தெரிந்தது.

வருவாரு என்றான் தம்பி, யாரும் கேட்காமலே. சொல்லிட்டுதான போனாரு என்றான்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் மணிச்சத்தம் கேட்டது. அப்பா முழங்கால்வரை சேறோடு வந்தார். வரப்பு உடைத்துக்கொண்டதாம், கட்டிவிட்டு வர நேரமாகிவிட்டதாம். அதை அத்தையிடம் பிறகுதான் சொன்னார். முதலில் தம்பிக்கு முன்னால் குனிந்து, வந்துட்டன் என்றார். தம்பி இரண்டு கையையும் தூக்கினான். அவர் சேற்றுக் கையோடு அவனை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் தோளில் தலை சாய்ந்ததும், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அவன் தூங்கிப்போனான். அத்தனை நாள் தூக்கமும் சேர்ந்து வந்து, கை கால் எல்லாம் தொங்கிவிட்டன. அப்பா அசையப் பயந்துகொண்டு வாசலிலேயே நின்றார்.

பிறகு பாயைப் போடச் சொல்லி, அவனை மெதுவாக இறக்கிப் படுக்க வைத்தார். மாடுகள் இன்னும் தண்ணீர் குடிக்காமல் நின்றன. அவர் எழுந்து நின்று, அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த வாரத்தில் அப்பா எனக்கென்றே தனியாகச் சொன்ன பேச்சு இதுதான்.

"மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு வரன். நடுவுல எழுந்தான்னா சொல்லு. சொல்லாம போவல, உங்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்கன்னு சொல்லு."

சரி என்றேன். தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டேன். மாடுகளின் மணிச்சத்தம் தொட்டிப் பக்கம் போவது கேட்டது. அன்றைக்கும் எனக்குப் பயம் போகவில்லை. ஆனால் எனக்கு ஒரு வேலை இருந்தது. அவர் சொன்னதைத் தவறாமல் சொல்ல வேண்டுமே என்று உதட்டுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தபடி, அவன் எழுவதற்காகக் காத்திருந்தேன்.